ஜெனிஸ் கண்ட மூணு சிலுவை

புருசன் பேரைச் சொல்லிக் கதை சொல்லுதாளேன்னு எங்க பொழியூர்க் கடப்புறத்துல ரெண்டு பேரு மூஞ்சியைச் சுளிப்பாவ. சுளிக்கட்டும். 'அவரு, அவரு'ன்னு சொல்லிக்கிட்டிருந்தா எந்த அவருன்னு கேக்கிறவங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஜெனிஸ். எனக்க மாப்பிள. நான் லூயிசா, பாறசாலைச் சந்தையில மீன் விக்கேன். எனக்க தொண்டை எப்பிடிப்பட்டதுன்னு அந்தச் சந்தையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ.

தொண்ணூத்தெட்டு சனவரி. மூணு ராசாக்கள் பெருநாள் கழிஞ்ச வாரம். உச்சை நேரத்துக்கு ஜெனிஸுக்க வள்ளம் கரைக்கு வருது. எப்பவும் மூக்கைத் தூக்கிட்டு வாற வள்ளம் அண்ணைக்குக் கனத்துல பதிஞ்சு வருது. நான் மீன் சருவத்தைக் கீழே போட்டுட்டு ஓடினேன். உள்ளே பாத்தா, எனக்க மாதாவே! கலவா, விளமீன், பாரை, ஒவ்வொண்ணும் எனக்க தொடை நீளம். வள்ளத்துல கால் வைக்க இடமில்லை.

"புதுப் பாருடீ, லூயிசா! புதுப் பாரு!"ன்னு ஜெனிஸ் கத்துதாரு. வெயிலுலயும் உப்புலயும் செவந்த கண்ணை ரெண்டு கையாலயும் தேய்க்காரு, சிரிக்காரு, திரும்பத் தேய்க்காரு.

பாருன்னா கடலுக்கடியில உள்ள கல்லுத்திட்டு. மீனுக்கு அதுதான் வீடு. கடலுக்குள்ள வழிகாட்டிப் பலகை உண்டா? இல்லை. கரையில தெரியுத ரெண்டு அடையாளத்தை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாட்டு ஒத்து வச்சு இடம் பிடிக்கணும். அதுக்குப் பேரு கணிச்சம். எனக்க மாமனாரு யேசுவடியானுக்க கணிச்சம் இதாக்கும்: எங்க மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை, அதுக்கு நேரே பின்னால அம்பூரிப் பக்கத்து மலையில நடு முடி, அதான் நடு உச்சி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால பாத்து, சிலுவையை முடிக்க மேல நிறுத்தி, அந்தக் கோடு விடாம வெளியே போகணும். ஈயக்குண்டு கெட்டின கயிறை எறக்கி எறக்கிப் பாக்கணும். 'டக்'குன்னு தட்டினா பாரு.

இன்னொண்ணும் உண்டு. ஒரு வள்ளத்துல கணிச்சம் பாக்கியது ஒரே ஆளுதான். மத்தவன் கண்ணிருந்தும் குருடன் மாதிரி குனிஞ்சு கெடக்கணும். 'சரியாட்டுதான் போறியா?'ன்னு ஒருத்தன் கேட்டான்னா அது பெரிய குத்தம். மாமாவுக்கு முட்டு தேஞ்சு கரையில இருந்த பிறகு, ரெண்டு வருசமாட்டு ஜெனிஸ்தான் கணிச்சம் பாத்தது. அண்ணைக்குப் பழைய பாருக்குத்தான் போனதாம். ஆனா ஈயம் ஆழம் போகாம பாதியிலயே தட்டிச்சுதாம். பழைய பாரு இல்லை இதுன்னு அப்பம்தான் தெரிஞ்சுது.

ஒரு புதுப் பாரு கண்டவனுக்குக் கடப்புறத்துல உள்ள மரியாதை ஆயரு மெத்ரானுக்குக்கூடக் கெடையாது. அந்தப் பாருக்கு அவன் பேரை வைப்பாவ. சாயந்தரத்துக்குள்ள ஊரெல்லாம் 'ஜெனிஸ்பாரு, ஜெனிஸ்பாரு'ன்னு ஒரே பேச்சு. மாமா வாயைத் தொறந்து மகனைப் புகழ மாட்டாரு. அண்ணைக்கு மட்டும் 'கொள்ளாம்'னு சொன்னாரு. எனக்குத் தலை கால் புரியல்லை.

ஒரு மாசம் சக்கப்போடு போட்டோம். அதுக்குப் பிறகு பாரு காணாமப் போச்சு.

ஆமா, பாரு. மலை மாதிரி கெடக்குத கல்லு. ஜெனிஸ் அதே கணிச்சம் பாத்துப் போறாரு, ஈயம் எறங்குது, எறங்குது, கடைசியில சேத்துல போயி புதையுது. மறுநாளும் சேறு. பெரிய வெள்ளி வரைக்கும் சேறுதான். பழைய பாரும் கெடைக்கல்லை. வள்ளத்துல கூடப் போற வேதமாணிக்கம், ஜெனிஸுக்க பெரியப்பா மகன், வாயைப் பொத்திக்கிட்டு எவ்வளவு நாளு இருப்பான்? சாராயக்கடையில தொறந்துட்டான். 'கல்லு நகந்து போகுதுன்னு ஜெனிஸ் சொல்லுதான்'னு ஊர் பூரா களியாக்கிச் சிரிச்சுது. 'லூயிசாவுக்க சத்தம் கேட்டுக் கல்லு பயந்து ஓடிச்சு'ன்னு ஒருத்தி சொன்னா. அவளுக்கு நான் குடுத்த பதிலை இங்க சொல்ல முடியாது.

மாமா முடிவாட்டுச் சொன்னாரு: "எலே, ஈஸ்டர் கழிஞ்சா கணிச்சத்தை வேதமாணிக்கத்துக்கிட்ட குடு. நீ கரமடி இழுக்கப் போ."

கரமடின்னா கரையில நிண்ணு வலைக்கயிறு இழுக்குத வேலை. அதுவும் வேலைதான், குறைச்சலா சொல்லல்லை. ஆனா வள்ளத்துக்க முன்தலையில நிண்ணவனைக் கயித்துல கொண்டு நிறுத்தினா அவன் செத்தான். ஜெனிஸ் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. எனக்கு நெஞ்சு வெந்து போச்சு.

ஈஸ்டருக்கு மறுநாள் ரெண்டு பேரும் மணலுல இருக்கோம். நான் சும்மா கேட்டேன்: "அந்தச் சிலுவையைத்தானே பாத்துப் போறிய? அது எங்கயும் நகரல்லியே. நல்லாட்டுத்தானே தெரியுது?"

"தெரியுதே. நடுவுல உள்ளதுதானே?"

"நடுவுலயா? எத்தனை சிலுவை தெரியுது ஒங்களுக்கு?"

"மூணு. ஏசுவுக்கு ஒண்ணு, கள்ளம்மாருக்கு ரெண்டு."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல்லை. கிட்ட போனா ஒண்ணு, தள்ளி நிண்ணு பாத்தா மூணாட்டு விரியும், எல்லாருக்கும் அப்பிடித்தானேன்னு கேக்காரு! நெலா ஆறு தெரியுமாம். அதுவும் எல்லாருக்கும்னு நெனைச்சாராம். நான் எழும்பி நிண்ணு அவருக்க இடக்கண்ணைப் பொத்தினேன். "இப்பம்?" மூணு. வலக்கண்ணைப் பொத்தினேன். ஒண்ணு, கொஞ்சம் வால் வச்சது.

"அட பாவி மனுசா! மூணுல எந்தச் சிலுவையைப் பாத்துய்யா வள்ளம் விட்ட?"ன்னு கத்தினேன். கரையில வலை கொத்துன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாவ.

"நல்லா வெளிச்சமாட்டுத் தெரியுததை"ன்னாரு, குழந்தை மாதிரி.

மறுநாளே இழுத்துக்கிட்டுத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். கண்ணாசுபத்திரியில ஆதிரான்னு ஒரு டாக்டர், சின்னப் பிராயம். நான் மலையாளத்துல தொடங்கினேன். ரெண்டு வாக்கியத்துலயே அவ சிரிச்சுக்கிட்டு, "நான் தனுவச்சபுரமாக்கும், தமிழிலயே சொல்லுங்க"ன்னா. வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துது. மூணு சிலுவைக் கதை, ஓடிப்போன கல்லுக் கதை, எல்லாத்தையும் கொட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வச்சுட்டுக் கேட்டா.

கறுப்பும் வெள்ளையுமாட்டு வட்டம் வட்டமா வரைஞ்ச ஒரு தட்டை ஜெனிஸுக்க கண்ணுக்கு நேரே பிடிச்சா. "இங்க வந்து பாருங்க"ன்னு என்னைக் கூப்பிட்டா. அவருக்க இடக்கண்ணுல விழுந்த வட்டங்கள் கொஞ்சம் கோணலா தெரிஞ்சுது. வலக்கண்ணுல வட்டமே இல்லை. கோழிமுட்டையைச் சரிச்சு வச்ச மாதிரி கீழே தொங்கி நிண்ணுது.

"கண்ணுக்க முன்னால கண்ணாடி மாதிரி கருவிழி உண்டு. அது உருண்டையாட்டு, உறப்பாட்டு இருக்கணும். இவருக்கு அது மெலிஞ்சு போச்சு. மெலிஞ்ச இடம் உள்ளே உள்ள அழுத்தத்துல முன்னால கூம்பிப் போகும். கூம்பக் கூம்ப, ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு மூணாகும், நெழல் சிலுவை தள்ளித் தள்ளிப் போகும். இவரு பாத்தது அந்த நெழலை"ன்னா டாக்டர். "கண்ணைத் தேய்ப்பாரா?"

"தேய்ப்பாராவா? தேய்ச்சுட்டுக் கடல்தண்ணியில கழுவுவாரு, கழுவிட்டுத் தேய்ப்பாரு. கடல்தண்ணி கண்ணுக்கு மருந்துன்னு எங்க ஆளுவளுக்கு ஒரு விசுவாசம்."

"இனி தேய்க்கப்பிடாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் மெலியும்."

"மெலிஞ்சதை உறப்பாக்க மருந்து இல்லியா, டாக்டரே?"

அவளுக்க கண்ணு மின்னிச்சுது. "இப்பம் இல்லை. ஆனா வெளிநாட்டுல ஒரு வைட்டமின் சொட்டை விட்டு, ஒரு வகை வெளிச்சம் காட்டி, கருவிழியை உறப்பாக்கிப் பாக்காவ. இப்பம் பன்னிக்க கண்ணுல சோதிச்ச கணக்கை எழுதியிருக்காவ. நான் நேத்துத்தான் வாசிச்சேன்!"

"பன்னிக்குக் கெடைச்ச பாக்கியம் எனக்க மாப்பிளைக்கு இல்லியா?"

டாக்டர் சிரிச்சா, பிறகு சிரிப்பை விட்டுட்டுச் சொன்னா. வயசு ஏற ஏறச் சிலருக்கு இது தானே நிண்ணு போகும். நிக்காட்டா, கண்ணுக்க முன்தோலை வெட்டி மாத்தணும். செத்த ஆளுக்க கண்ணு தானமாட்டு வாறது வரைக்கும் காத்திருக்கணும். தச்ச கண்ணோட வருசக்கணக்குல கடலுக்குப் போக முடியாது. நாலு மாசத்துக்கு ஒருக்க அளந்து பாப்போம், அது வரைக்கும் கட்டியான லென்ஸ் வைப்போம்னா. ஜெனிஸுக்க கை எனக்க கையைத் தேடிப் பிடிச்சுது. மீன் முள்ளு குத்தினாலும் சிணுங்காத மனுசன், பிடிச்ச பிடியை விடல்லை.

சோதிச்சுப் பாக்க ஒரு லென்ஸ் எடுத்தா. நவரை மீன் செதிளு அளவுதான். அதை வலக்கண்ணுல வச்சதும் ஜெனிஸ் 'யம்மா'ன்னு துள்ளினாரு, தண்ணியா கொட்டிச்சுது. கை தானே மேல போச்சு. நான் ஒரு அடி வச்சேன் கையில. கால் மணி நேரம் கழிஞ்சு கண்ணைத் தொறந்தாரு. செவத்துல உள்ள அட்டையில மலையாள எழுத்தைக் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சாரு. பிறகு என்னைத் திரும்பிப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருக்காரு.

"என்னவாம்?"

"ஒனக்கு மூக்குக்குப் பக்கத்துல ஒரு மச்சம் உண்டா லூயிசா?"

கல்யாணம் கழிஞ்சு அஞ்சு வருசமாக்கும்! டாக்டர் மேசையைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கா. நான் திட்டணும்னு வாயைத் தொறந்தேன், அழுகைதான் வந்துது.

லென்ஸ் கெடைச்சதும் ஊரே வேடிக்கை பாக்க வந்துது. காத்தும் தண்ணியும் படாம இருக்க டாக்டர் சொன்ன மூடுகண்ணாடியை மேல மாட்டிக்கிட்டு ஜெனிஸ் கடலுக்குப் போனாரு. ஒத்தைச் சிலுவை. நேரே பழைய பாரு, முதல் எறக்கத்துலயே 'டக்'. மாமா கணிச்சத்தைத் திருப்பிக் கேக்கல்லை. ஆனா ஜெனிஸ்பாரு? அது மட்டும் கெடைக்கல்லை. சிலுவையும் முடியும் ஒத்து நிண்ணாலும் அங்க உள்ளது பழைய பாரு மட்டும்தான். நாலு நாளு தேடினாவ.

"கண்ணுல சில்லு வச்சான், பேரைத் தொலைச்சான்"னு வேதமாணிக்கம் சொன்னான். ஜெனிஸ் மூஞ்சி தொங்கிப் போச்சு.

நான் சந்தையில கலவா வெட்டிக்கிட்டிருக்கும்போதுதான் மண்டையில வெட்டிச்சுது. கத்தியைப் போட்டுட்டு, மீதி மீனைப் பக்கத்துல இருந்த சரோஜம் அக்காகிட்ட ஒப்படைச்சுட்டு, அடுத்த பஸ்ஸுல ஓடி வந்தேன்.

"மாமா, கேளுங்க! சனவரியில நெழல் சிலுவையைப் பாத்துப் போனாரு, பாரு கெடைச்சுது. பிறகு கண்ணு இன்னும் கூம்பிச்சு, நெழல் இன்னும் தள்ளிப் போச்சு. அதைப் பாத்துப் போனதுனால பாருவைத் தாண்டிப் போயிட்டாரு. இப்பம் லென்ஸ் வச்சு நேர்ச் சிலுவையைப் பாத்துப் போறாரு, பாரு வாறதுக்கு முந்தியே நிக்காரு. ரெண்டுக்கும் நடுவுலதான் ஜெனிஸ்பாரு கெடக்கு!"

மாமா பீடியை வாயிலருந்து எடுத்தாரு. "நீ ஆம்பிளையாட்டுப் பிறந்திருக்கணும், மக்களே"ன்னாரு.

"பொம்பளையாட்டு இருந்துக்கிட்டே வாறேன், வள்ளத்துல ஏத்துங்க."

அது மட்டும் நடக்கல்லை. பொம்பள கால் பட்டா வள்ளத்துக்கு ஆகாதாம்! புத்தி எனக்க புத்தி, கால் மட்டும் ஆகாது. நல்லா நாலு வார்த்தை கேட்டேன். கேட்டுட்டுக் கரையில நிண்ணேன்.

மறுநாளே மாமா, கரையில இருந்த ரெண்டு வருசத்துக்குப் பிறகு, திரும்ப வள்ளத்துல ஏறினாரு, ரெண்டு பேரு தூக்கி ஏத்தினாவ. ஜெனிஸ் அண்ணைக்கு லென்ஸை வீட்டுல வச்சுட்டுப் போனாரு. ஒரே வள்ளத்துல ரெண்டு பேரு கணிச்சம் பாத்தது எங்க கடப்புறத்துல அதுதான் மொதத் தடவை. மாமா நேர்ச் சிலுவையைப் பாத்து, 'எனக்கு ஒத்தாச்சு'ன்னாராம். ஜெனிஸ், 'எனக்கு இன்னும் ஒக்கல்லை'ன்னாராம். அங்கேருந்து ஜெனிஸுக்கு ஒக்குத பக்கமாட்டு வள்ளத்தை மெதுவாட்டு நகத்தி, அடிக்கொருக்க ஈயத்தை எறக்கி, எறக்கி, வேதமாணிக்கத்துக்க கை காச்சுப் போற நேரத்துல 'டக்'!

அந்தச் சத்தம் எனக்குக் கரையில கேட்டிருக்காதுதான். ஆனா வள்ளம் திரும்பி வரும்போது மாமா பாடுன பாட்டு எனக்கு நல்லாவே கேட்டுது. பாட்டா அது? கத்தல். கலவா மேல ஏறி இருந்துக்கிட்டுக் கத்துதாரு.

ஜெனிஸ் இன்னொரு காரியமும் பாத்து வச்சிருந்தாரு. பாருக்கு நேர்மேல நிண்ணு லென்ஸ் இல்லாத கண்ணால பாத்தா, சனவரியில நடு முடிக்க நேரே நிண்ண அந்த நெழல் சிலுவை இப்பம் முடியைக் கொஞ்சம் தாண்டி நிக்குதாம். மழை ஓஞ்சு ஆகஸ்டுல அளவெடுக்கப் போகுததுக்கு முந்தின நாளு அதே மாதிரி பாத்தாரு. நெழல் மலைச் சரிவுல பாதி எறங்கியிருந்துது.

"டாக்டரே, நீங்க அளக்குததுக்கு முந்தி நானே சொல்லுதேன், கண்ணு இன்னும் கூம்பியிருக்கு"ன்னாரு ஜெனிஸ். டாக்டர் அளந்தா. சொன்னது சரி. அவளுக்கு ஆச்சரியம் தாங்கல்லை, கடலையும் மலையையும் படம் வரையச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டா. ஆனா சிரிப்பு கொறஞ்சு போச்சு. "டிசம்பருலயும் இப்பிடியே கூடினா, கண்ணு மாத்துத லிஸ்டுல பேரு எழுதணும்"னா.

அந்த நாலு மாசம் நான் பேயாட்டு அலைஞ்சேன். ஜெனிஸுக்க கை கண்ணுக்குப் பக்கத்துல போனா எனக்க கரண்டி பறக்கும். ஒறக்கத்துல தேய்ச்சுடக் கூடாதுன்னு அவருக்க ரெண்டு கையிலயும் பழைய துணி சுத்தி வச்சேன். மாதாவுக்கு மெழுகுதிரி நேந்தேன். பன்னிக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன், அந்த வைத்தியம் சீக்கிரம் மனுசனுக்கு வரட்டும்னு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். மறுநாள் ஆசுபத்திரி. லென்ஸை டப்பியில வச்சுட்டு ஜெனிஸ் பாருக்குக் கெளம்பினாரு. கையில ஒரு செவப்புத் துவர்த்துத் துண்டைக் குடுத்தேன். "நெழல் ஆகஸ்டுல பாத்த இடத்துலயே நிண்ணா இதைக் கம்புல கெட்டித் தூக்கிட்டு வாங்க. நகந்திருந்தா ஒண்ணும் தூக்காண்டாம். கரை அணையும் முந்தியே எனக்குத் தெரியணும்."

சந்தைக்குப் போகல்லை அண்ணைக்கு. மணலுல நிண்ணேன், இருந்தேன், திரும்ப நிண்ணேன். மாமா பக்கத்துல வந்து நிண்ணாரு. உச்சை கழிஞ்சு வள்ளம் தெரிஞ்சுது. கம்பு தெரிஞ்சுது. கம்புல ஒண்ணுமில்லை.

மொட்டைக் கம்பு. மாமா எனக்க தோளைப் பிடிச்சாரு, அதுவரைக்கும் என்னைத் தொட்டதில்லை அந்த மனுசன். வள்ளம் இன்னும் கிட்ட வருது. எனக்கு நல்ல கண்ணாக்கும், கடவுள் குடுத்தது. பாக்கேன்: வேதமாணிக்கத்துக்க தலையில செவப்பா ஒண்ணு.

வெயிலுக்குத் தலையில கெட்டியிருக்கான் எனக்க துவர்த்தை!

"எலே வேதமாணிக்கம்! அது என்னலே தலையில? சேதியா, தலைக்கெட்டா? சொல்லித் தொலைலே!"

எனக்க சத்தம் பாறசாலை வரைக்கும் கேட்டிருக்கும். வள்ளத்துல முன்தலையில நிண்ண ஜெனிஸ் அப்பம்தான் திரும்பிப் பாத்தாரு. பாஞ்சு போயி அவன் தலையிலருந்து துவர்த்தை உருவினாரு. கம்பைத் தேட நேரமில்லை அவருக்கு. கையில பிடிச்சுச் சுத்துதாரு, தலைக்கு மேல, சுத்திச் சுத்தி, வள்ளம் கவுந்துபோற மாதிரி குதிக்காரு.

"நிண்ணுட்டுடீ லூயிசா! அதே சரிவு, அதே இடம், நெல்லிடை நகரல்லை! நிண்ணுட்டு!"

நான் சேலையோட தண்ணிக்குள்ள எறங்கிட்டேன். அலை இடுப்பளவு. பின்னால மாமா 'எடீ, எடீ'ன்னு கத்துதாரு. ஜெனிஸ் வள்ளத்துலருந்து குதிச்சு எனக்க முன்னால வந்து நிண்ணாரு. அவருக்க கண்ணுலருந்து தண்ணி தாரை தாரையாட்டு ஓடுது. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு, கை கண்ணுக்குப் போயிடக் கூடாதுன்னு.

"அப்பிடியே நில்லுங்க. அழணும்னா அழுங்க. கையை மட்டும் எடுக்காண்டாம்"னு சொல்லிட்டு, எனக்க முந்தானையில நனையாத ஒரு முனையைத் தேடி, கண்ணைத் தொடாம, கன்னத்தை மட்டும் தொடைச்சு விட்டேன்.